கூத்து எத்தனை மணிக்கு முடியும்?

ஆரணிப் பக்கம் ஒரு கிராமத்தில், இரவு பதினொரு மணிக்கு இந்தக் கேள்வியைக் கேட்டேன். துண்டை விரித்துப் படுத்திருந்த பெரியவர், "விடிஞ்சா முடியும் தம்பி" என்றார்.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. வட தமிழகத்தில் இதை அக்னி வசந்த விழா என்பார்கள். நாள் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். பாரதப் போருக்கு 18 நாள் என்பதால் பல ஊர்களில் 18 நாள். பகலில் பிரசங்கி வில்லிபாரதத்தைப் பாடி விளக்குவார். அதே கதை இரவில் தெருக்கூத்தாகும். அர்ச்சுனன் தபசு அன்று, வேஷக்காரர் உயரமான கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறி எலுமிச்சை, விபூதி எல்லாம் வீசுவார். குழந்தை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். கடைசி நாள் காலை படுகளம். தரையில் பிரம்மாண்டமான களிமண் துரியோதனன். பீமன் அவன் தொடையைப் பிளந்ததும் திரௌபதி கூந்தலை முடிவாள். மாலையில் தீமிதி.

வெளியூர்க்காரங்க பெரும்பாலும் அந்தக் கடைசி நாளுக்குத்தான் வருவோம். முதல் தடவை நானும் அப்படித்தான் போய், களிமண் சிலையைப் போட்டோ எடுத்துட்டுத் திரும்பினேன். அடுத்த தடவை மூணு ராத்திரி முன்னாடியே போனேன். துகில் உரிந்த இரவைப் பார்த்த பிறகுதான், கூந்தல் முடியும்போது பெண்கள் ஏன் அழுகிறார்கள் என்று புரிந்தது.

இங்கேதான் சுற்றுலாவின் சிக்கல். நகர மேடையில் கூத்தை 2 மணி நேரமாகச் சுருக்கலாம், தப்பில்லை. ஆனால் பார்க்க வருபவர்களுக்காக ஊரிலேயே சுருக்கினால்? சின்னப் பையன்கள் சின்ன வேஷம் கட்டித் தொழில் கற்பது இந்த நீண்ட இரவுகளில்தான். செலவு தலைக்கட்டு வரியில் வருகிறது. வரி கொடுத்த வீட்டுக்கு விழாவில் உரிமை உண்டு. சுற்றுலாப் பணத்தில் நடந்தால் அந்த உரிமை யாருக்குப் போகும்?

யுனெஸ்கோவின் 2003 ஒப்பந்தமும், ஒரு சமூகம் தன் மரபு என்று ஏற்று, தலைமுறை தலைமுறையாகப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதைத்தான் மரபு என்கிறது. வீடியோ எடுத்து சர்வரில் வைப்பது பேக்கப் மட்டுமே.

அதுக்காகப் போகவே வேண்டாம்னு சொல்லல. ஒரு நாள் முன்னாடியே போங்க. ஊர்க் கடையில் சாப்பிடுங்க. பிளாஷ் வேண்டாம். பிடித்த வேஷக்காரருக்கு அன்பளிப்பு கொடுங்க, மைக்கில் உங்க பேரைச் சொல்வாங்க. தூக்கம் வந்தா அங்கேயே படுங்க. பாதி ஊர் அங்கதான் படுத்திருக்கும்.