தேக்காவில் போத்தலைத் திறக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

செங், குருபோங், பாயா ரும்புட் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தேக்காதான். சாப்பாடு, சாமான், ஊர்ப் பேச்சு எல்லாம் அங்கேதான். கடையில் ஒரு பீர் வாங்கி, புல்தரையில் உட்கார்ந்து குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. சனி, ஞாயிறுகளில் அங்கே அது குற்றம்.

இந்தத் தடைக்குப் பின்னால் ஒரு கலவரம் இருக்கிறது. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். கூட்டம் கொதித்தது. காவல் வாகனங்களும் ஆம்புலன்ஸும் தாக்கப்பட்டன, சில எரிந்தன. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிங்கப்பூர் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. 25 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 57 பேர் நாட்டை விட்டு அனுப்பப்பட்டனர்.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. விபத்துதான் கலவரத்தைத் தூண்டியது, மது அதை மோசமாக்கியது என்று குழு 2014-இல் அறிக்கை தந்தது. மறு ஆண்டு ஜனவரியில் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது.

சட்டம் சொல்வது இதுதான். சிங்கப்பூர் முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது. கடைகளும் அந்த நேரத்தில் மதுவைப் பொட்டலமாக விற்க முடியாது. அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளமும் பொது இடம்தான். அங்கே உட்கார்ந்து "வீட்டில்தானே இருக்கிறேன்" என்று சொன்னால் எடுபடாது. வீட்டுக்குள் குடிப்பவரையும் உரிமம் பெற்ற பாரில் இருப்பவரையும் இது தொடாது.

தேக்காவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை, பகலிலும்கூட, பொது இடத்தில் குடிக்கத் தடை. பொது விடுமுறைக்கு முந்தைய நாள் இரவு 7 மணிக்கே தடை தொடங்கிவிடும். தீபாவளிக்கு முந்தின இரவு சாமான் வாங்கப் போகிறவர்கள் இதை மறந்துவிடக்கூடாது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 1,000 சிங்கப்பூர் வெள்ளி வரை. மீண்டும் பிடிபட்டால் 2,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ வரலாம். இந்த இரு வட்டாரங்களில் தண்டனை ஒன்றரை மடங்கு. வேலை பெர்மிட்டை நம்பி இருப்பவர் அபராதத்தை மட்டும் கணக்குப் போட்டால் போதாது.

இங்கே ஒரு வருத்தமும் உண்டு. கிளார்க் கீயில் பார் நாற்காலியில் உட்கார்ந்து நள்ளிரவு தாண்டிக் குடிக்கலாம்; அதற்குக் காசு வேண்டும். காசில்லாத தொழிலாளிக்குப் புல்தரைதான் பார். அந்தப் புல்தரைதான் மூடப்பட்டது. அதே சமயம், தங்கள் வீட்டு வாசலில் வாரந்தோறும் குடித்து விழுந்து கிடந்தவர்களைக் கண்டு சலித்த தேக்கா குடியிருப்பாளர்கள் தடையை வரவேற்றார்கள் என்பதையும் மறைக்க முடியாது.

அமெரிக்காவில் சில நகரங்கள் நேர் எதிராகப் போயின. அங்கே பெரும்பாலான இடங்களில் திறந்த மதுக் கோப்பையோடு தெருவில் நடக்க முடியாது. ஆனால் நியூ ஆர்லியன்ஸில் பிளாஸ்டிக் கோப்பையோடு நடக்கலாம், கண்ணாடி மட்டும் ஆகாது. சிங்கப்பூர் தடை போட்ட அதே 2015-இல் ஒஹாயோ மாநிலம், குறித்த சில தெருக்களில் கோப்பையோடு உலவ அனுமதிக்கும் சட்டம் கொண்டுவந்தது. 2020-இல் கோவிட்டால் உணவகங்கள் தள்ளாடியபோது மிச்சிகனும் அதைச் செய்தது. எல்லைக்குள் இருக்கும் கடையில், அடையாளமிட்ட கோப்பையில் வாங்கியதை மட்டுமே குடிக்கலாம். வீட்டிலிருந்து போத்தல் கொண்டுபோக முடியாது. வியாபாரம் பிழைக்கத்தான் இந்தத் தாராளம்.

எல்லை போட்டுக் குடிக்கவிடுவது நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குப் புதிதில்லை. உரிமம் பெற்ற கள்ளுக்கடை அப்படிப்பட்ட இடம்தான். அதை வசதி என்று எல்லாரும் ஏற்கவில்லை. 1941-இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தில், சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை.

சரி, மலாக்காவில் என்ன நிலை? சிங்கப்பூரைப் போல மணி குறித்துப் பொது இடக் குடியைத் தடுக்கும் தேசியச் சட்டம் மலேசியாவில் இல்லை. அதனால் ஜோங்கர் தெருவிலோ தாமான் திடலிலோ எதுவும் செய்யலாம் என்று ஆகிவிடாது. குடிபோதையில் பொது இடத்தில் தொல்லை கொடுத்தால் குற்றவியல் சட்டத்தின் 510-ஆவது பிரிவும், 1955-ஆம் ஆண்டு சிறு குற்றங்கள் சட்டமும் இருக்கின்றன. 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்க வயது 21. 18 என்பது பழைய கணக்கு. மளிகைக் கடைகளில் கடும் மது விற்கக்கூடாது, பீர் இரவு 9 மணி வரைதான் என்று 2021-இல் வந்த விதி கோலாலம்பூர் மாநகர் மன்றத்தினுடையது, மலாக்காவுக்குப் பொருந்தாது.

உண்மையில் கடுமை கூடியிருப்பது சாலையில்தான். 2020 அக்டோபர் 23 முதல் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் மது அளவு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைந்தது. அதைத் தாண்டி ஓட்டினால், முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, உரிமமும் பறிபோகும். குடித்து ஓட்டி ஓர் உயிர் போனால் 10 முதல் 15 ஆண்டு சிறை. வண்டியை ஓட்டாமல், போதையில் அதன் பொறுப்பில் இருப்பவர் மீதும் வழக்கு வரலாம். திருவிழா முடிந்து மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குத் திரும்புகிறவருக்கு இரண்டு கிலோமீட்டர்தானே என்ற கணக்கு நீதிமன்றத்தில் உதவாது.

கடைசியாக, சுங்கம். மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் நுழைபவருக்கு மதுவில் வரிவிலக்கு கிடையாது. பையில் ஒரு போத்தல் இருந்தாலும் கேட்கும் முன்பே அதிகாரியிடம் சொல்லி வரி கட்டிவிட வேண்டும்.