குடிநீரின் பழுப்பை நீக்கும் காந்தப் பிசின்

ஏரி, ஆறு, நிலத்தடி நீர் எல்லாவற்றிலும் மக்கிய இலைதழைகளிலிருந்தும் மண்ணிலிருந்தும் வந்த கரிமப் பொருள்கள் கரைந்திருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி ஹியூமிக் அமிலமும் ஃபுல்விக் அமிலமும்தான். சில நீர்நிலைகளுக்குத் தேநீர் போன்ற பழுப்பு நிறத்தைத் தருபவை இவையே.

கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. குளோரின் இந்தப் பொருள்களோடு வினைபுரிந்து, குளோரோஃபார்ம் உள்ளிட்ட டிரைஹாலோமீத்தேன்களை உண்டாக்குகிறது. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் பணியாற்றிய வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக் 1974இல் இதை வெளியிட்டார். உடல்நலம் கருதி, அமெரிக்காவில் குடிநீரிலுள்ள டிரைஹாலோமீத்தேன்களுக்கான வரம்பு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம். காலராவையும் டைஃபாய்டையும் தடுக்கும் குளோரினைக் கைவிட முடியாது. ஆகவே, அது சேருமுன்பே கரிமப் பொருளை அகற்றிவிட வேண்டும்.

வழக்கமாகச் சேர்க்கப்படும் படிகாரம் பெரிய மூலக்கூறுகளைத் திரட்டிப் படியவைக்கும். சிறியவை பல தப்பிவிடும். அவற்றையும் பிடிக்கக்கூடியது அயனிப் பரிமாற்றம். ஹியூமிக், ஃபுல்விக் அமிலங்கள் நீரில் எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. நேர்மின்னூட்டம் கொண்ட பிசின் மணிகள் அவற்றைப் பற்றிக்கொண்டு, தம்மிடமுள்ள குளோரைடு அயனிகளை நீரில் விடுகின்றன.

ஆனால், கலங்கல் நீர் பிசின் நிரப்பிய தொட்டியை விரைவில் அடைத்துவிடும். இதற்கு ஆஸ்திரேலியாவில் தீர்வு பிறந்தது. அங்கு உருவாக்கிய பிசினுக்குள் காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு பொதிந்திருக்கிறது. மணி ஒன்றின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதை வடிகட்டாத நீரிலேயே போட்டு 10 முதல் 30 நிமிடம் கலக்குகிறார்கள். கலக்குவதை நிறுத்தியதும் மணிகள் ஒன்றையொன்று ஈர்த்துத் திரண்டு விரைவாக அடியில் படிகின்றன. பெரும்பகுதி உடனே மறுபயன்பாட்டுக்குச் செல்கிறது. சிறு பகுதி அடர்ந்த உப்புக்கரைசலில் கழுவப்பட்டுப் புத்துயிர் பெறுகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுன்ட் பிளசன்ட், பெர்த் அருகிலுள்ள வானெரூ ஆகிய இடங்களில் 2001இல் இத்தகைய நிலையங்கள் இயங்கத் தொடங்கின.

இதனால் படிகாரமும் குளோரினும் குறைவாகவே தேவைப்படுகின்றன; சேறும் குறைகிறது. ஆயினும், மின்னூட்டமற்ற கரிமப் பொருள்களைப் பிசின் பிடிக்காது. நீரில் சல்ஃபேட் மிகுந்தால் அதன் திறன் குறையும். கலங்கலை நீக்கப் படிகாரமும் வடிகட்டலும் வேண்டும். பிசினைக் கழுவியபின் எஞ்சும் பழுப்பு உப்புநீரை அப்புறப்படுத்துவது கடலோரத்தில் எளிது, உள்நாட்டில் கடினம். அந்தக் கழிவுக்கு வழிகண்ட பிறகே இம்முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.