விளையாட இருப்பதே ஒரு மணி நேரம்... அதில் பாதி ‘லோடிங்’கா? பழைய லேப்டாப்புக்குக் கைகொடுக்கும் குட்டி ஐகான்!

ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒரகடம் பக்கம் போனால் சாலையில் கம்பெனி பஸ்கள்தான் வரிசைகட்டி நிற்கும். கார், பைக், டயர், செல்போன் என விதவிதமான தொழிற்சாலைகளிலிருந்து இறங்கி வரும் இளைஞர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு வாடகை அறை. அதில் இரண்டு பேர் பகல் ஷிஃப்ட், இரண்டு பேர் நைட் ஷிஃப்ட்.

குளித்து, சாப்பிட்டு, ஊருக்கு போன் பேசி முடித்தால், தூங்குவதற்கு முன் கையில் மிஞ்சுவது ஒரு மணி நேரம். ‘கொஞ்ச நேரம் கேம் விளையாடலாம்’ என்று பழைய லேப்டாப்பைத் திறந்தால், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு ‘அப்டேட்டிங்’ என்று வரும். அது முடிவதற்குள், இன்றைய டேட்டா தீரப்போகிறது என்று போனில் மெசேஜ் வந்துவிடும். கேம் திறக்கும்போது கண் சொக்கும்!

புது லேப்டாப் வாங்கினால்தான் தீர்வா? அவசியம் இல்லை. பல நேரங்களில் பிரச்னை கேமில் இல்லை. அதைத் திறந்துவிடும் மென்பொருளில் இருக்கிறது.

பாம்பு கேமுக்கு லோடிங் கிடையாது!

ஸ்ரீபெரும்புதூருக்கும் கேமுக்கும் பழைய சொந்தம் ஒன்று உண்டு. 2006-ல் இங்கே நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் மூடப்படும்வரை பல ஆயிரம் பேருக்கு வேலை கொடுத்த இடம் அது. நோக்கியா போன் என்றதும் நினைவுக்கு வருவது, 1997-ல் நோக்கியா 6110 மாடலில் அறிமுகமான பாம்பு கேம். மெனு, கேம்ஸ், ஸ்நேக் என்று நாலைந்து பட்டன்களை அழுத்தினால் பாம்பு ஓட ஆரம்பித்துவிடும். பாஸ்வேர்டு கேட்காது, அப்டேட் ஆகாது.

இன்றைய கம்ப்யூட்டர் கேம்கள் அப்படி இல்லை. கேமுக்கு முன்னால் ‘லாஞ்சர்’ என்று ஒன்று திறக்க வேண்டும். இதில் மூத்தது, வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் கொண்டுவந்த ஸ்டீம். இன்று எபிக், கோக் கேலக்ஸி எனப் பல லாஞ்சர்கள் உள்ளன.

லாஞ்சர் என்பது வெறும் கதவு அல்ல, ஒரு கடை. புது கேம் விளம்பரம், நண்பர்கள் பட்டியல், தள்ளுபடி அறிவிப்பு எல்லாம் அதற்குள் இருக்கும். ஏற்கெனவே வாங்கிய பைக்கை எடுப்பதற்கு ஒவ்வொரு முறையும் ஷோரூம் வழியாகவே போய்வர வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்! ராம் 16 ஜி.பி. இருக்கும் கம்ப்யூட்டருக்கு இது பெரிய சுமை இல்லை. ஆனால், 4 ஜி.பி. மட்டுமே உள்ள பழைய லேப்டாப்பில், லாஞ்சர் பிடித்துக்கொள்ளும் சில நூறு எம்.பி. என்பது கேமின் பங்கிலிருந்து எடுத்தது.

ஆணியில் தொங்கும் சாவி

திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் குட்டி ஐகான்களைப் பார்த்திருப்பீர்கள். 1995 ஆகஸ்ட்டில் வெளியான விண்டோஸ் 95-ல் டாஸ்க்பாருடன் சேர்ந்து வந்த வசதி இது. மைக்ரோசாஃப்ட் இதை ‘நோட்டிஃபிகேஷன் ஏரியா’ என்கிறது. மக்கள் வைத்த பெயர் ‘சிஸ்டம் ட்ரே’.

அங்கே ஒரு ஐகான் இருக்கிறது என்றால், பெரும்பாலும் அந்த மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஸ்டீம் ஜன்னலை மூட ‘எக்ஸ்’ அழுத்தினாலும் அது போய்விடாது. இந்த ட்ரேயில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேல்நோக்கி இருக்கும் சிறிய அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள். நீங்கள் மறந்தே போன நாலைந்து மென்பொருள்கள் உள்ளே இருக்கலாம்!

இதே ட்ரேயை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். கேம்களைத் திறப்பதற்கென்றே சிறிய ட்ரே மென்பொருள்கள் இருக்கின்றன. ஐகானை ரைட் க்ளிக் செய்தால் கேம்களின் பெயர்ப் பட்டியல் வரும். வேண்டியதை அழுத்தினால் கேம் திறக்கும். கடையும் இல்லை, விளம்பரமும் இல்லை. வாசல் ஆணியில் சாவி தொங்குவது மாதிரிதான்.

ஆட்டோஹாட்கீ என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில், சில வரிகள் எழுதி இப்படியொரு மெனுவை நீங்களே செய்துகொள்ளலாம். ஆனால், ஆன்லைன் போட்டி கேம்கள் விளையாடுபவர்கள் கவனம். மோசடியைத் தடுக்கும் ‘ஆன்டி-சீட்’ மென்பொருள் சில இடங்களில் இதைச் சந்தேகப்படலாம். அப்படிப்பட்ட கேம் திறந்திருக்கும்போது இதை மூடிவைப்பது நல்லது.

இதை எதிர்பார்க்காதீர்கள்!

ட்ரே மென்பொருள் கேமின் வேகத்தைக் கூட்டாது. கிராபிக்ஸ் கார்டு தாங்காத கேமை எந்த ஐகானாலும் ஓடவைக்க முடியாது.

இன்னொன்று, ஸ்டீமில் வாங்கிய பல கேம்கள் ஸ்டீம் இல்லாமல் திறக்காது. ட்ரேயில் எதை அழுத்தினாலும் பின்னால் ஸ்டீமும் எழுந்து வரும். முழுப் பலன் கிடைப்பது, லாஞ்சர் தேவைப்படாத கேம்களுக்குத்தான். கோக் தளத்தில் விற்கும் கேம்களை லாஞ்சர் இல்லாமலே இன்ஸ்டால் செய்ய முடியும். பழைய சிடி கேம்கள் பலவும் அப்படியே.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கிடைத்த ஆரம்பகால லேப்டாப்பை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8-க்கான ஆதரவை ஸ்டீம் நிறுத்திவிட்டது. அந்த லேப்டாப்பில் ஸ்டீமோடு மல்லுக்கட்டுவதைவிட, லாஞ்சர் இல்லாத பழைய கேம்களைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

எதையும் டவுன்லோடு செய்யாமலே...

புதிதாக ஒன்றை இன்ஸ்டால் செய்வதற்கு முன், கையில் இருப்பதை வைத்தே பாதி வேலையை முடிக்கலாம்.

* கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அதில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதி உண்டு. லேப்டாப்போடு சேர்ந்து தானாக விழித்துக்கொள்ளும் லாஞ்சர்களை அங்கே ‘டிஸேபிள்’ செய்யுங்கள். கேம் அழியாது, நீங்கள் அழைக்கும்போது மட்டும் வரும்.

* ஸ்டீம் ஓடும்போது அதன் ட்ரே ஐகானை ரைட் க்ளிக் செய்யுங்கள். கடைசியாக விளையாடிய கேம்களின் பெயர்கள் வரும். கடைப் பக்கத்தைத் திறக்காமல் அங்கிருந்தே கேமுக்குப் போகலாம்.

* விண்டோஸ் 10 என்றால், ஒரு ஃபோல்டரில் கேம்களின் ஷார்ட்கட்களைப் போட்டுவையுங்கள். டாஸ்க்பாரில் ரைட் க்ளிக் செய்து ‘டூல்பார்ஸ்’, ‘நியூ டூல்பார்’ என்று போய் அந்த ஃபோல்டரைக் காட்டினால், கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே கேம் பட்டியல் தயார். விண்டோஸ் 11-ல் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அதில் ஸ்டார்ட் மெனுவில் ‘பின்’ செய்துகொள்ளலாம்.

* போன் ஹாட்ஸ்பாட்டில் இணைந்திருந்தால், நெட்வொர்க் செட்டிங்ஸில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் தன் அப்டேட்களைக் குறைத்துக்கொள்ளும். ஸ்டீமில் ‘டவுன்லோட்ஸ்’ பகுதிக்குப் போய், எந்த நேரத்தில் அப்டேட் ஆகலாம் என்பதை நீங்களே குறித்துவிடலாம்.

சின்னதுதானே என்று நம்பிவிடாதீர்கள்

அறையில் இருக்கும் ஒரே லேப்டாப்பில்தான் வங்கிக் கணக்கு பார்ப்பார்கள், பி.எஃப். பணம் பார்ப்பார்கள், அடுத்த வேலைக்கான பயோடேட்டாவும் அதில்தான் இருக்கும். ஊரில் தங்கையின் காலேஜ் விண்ணப்பமும் அதிலிருந்தே போகும். அதனால், இலவச மென்பொருள் என்ற பெயரில் யாரோ அனுப்பும் லிங்க்கை அழுத்தி எதையும் இறக்காதீர்கள்.

மென்பொருளைத் தயாரித்தவர்களின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். சந்தேகம் இருந்தால், வைரஸ்டோட்டல் தளத்தில் அந்த ஃபைலைக் கொடுத்துச் சோதிக்கலாம். ஒரு கேமைத் திறந்துவிட மட்டுமே உள்ள மென்பொருள், ஆன்டிவைரஸை ‘ஆஃப்’ செய்யச் சொன்னால் அந்த நிமிடமே அதை அழித்துவிடுங்கள். காசு கொடுக்க வேண்டிய கேமை இலவசமாகத் தரும் ‘கிராக்’ ஃபைல்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. பாதுகாப்பு அப்டேட் வராத லேப்டாப் வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

எக்ஸிட் கொடுங்கள்... தூங்குங்கள்!

நாளெல்லாம் லைன் ஓடும் வேகத்துக்குக் கை ஓட வேண்டும். டீ குடிப்பதற்கும் நேரக் கணக்கு உண்டு. அறைக்கு வந்த பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரமாவது நம் கையில் இருக்க வேண்டும். அதை அப்டேட்டுக்கும் விளம்பரத்துக்கும் கொடுத்துவிட்டு, விளையாடாத ஏக்கத்தில் தூக்கத்திலிருந்து இன்னொரு மணி நேரத்தைக் கடன் வாங்கினால், அந்தக் கடனைக் காலையில் மிஷின் முன்னால் நின்று கட்ட வேண்டியிருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐகானை ரைட் க்ளிக் செய்து ‘எக்ஸிட்’ கொடுத்துவிடுங்கள். அடுத்து லேப்டாப்பை எடுக்கப்போகும் அறை நண்பருக்கு அது வேகமாகத் திறக்கும். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் அவருக்கும் கையில் இருப்பது அதே ஒரு மணி நேரம்தானே!