கொடுவாக் குஞ்சும் இரவு வெளிச்சமும்

கொடுவா மீன் முட்டையிட நிலவைப் பார்த்து நாள் குறிக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், பொழுது சாய்ந்த பிறகு, கடல் நீர் உள்ளே ஏறிவரும் நேரத்தில் முகத்துவாரத்தின் அருகே பெண் மீன் முட்டைகளைத் தண்ணீரில் விடும். ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத அந்த முட்டைகளை ஏற்றநீர் கழிமுகத்துக்குள் தள்ளிக்கொண்டு வரும். ஒரு நாளுக்குள் குஞ்சு பொரிந்துவிடும். அப்போது அதன் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். வாய் திறந்திருக்காது, கண்ணில் கருமை ஏறியிருக்காது.

திருவள்ளூர் மாவட்டத்தில் இதற்கு ஏற்ற இடங்கள் இரண்டு. ஒன்று, ஆரணி ஆறு வந்து சேரும் பழவேற்காடு ஏரி. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும் அதன் தெற்கு முனை பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களின் கிராமங்களைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. இன்னொன்று, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம். கொடுவா, மடவை, பால்கெண்டை, இறால் எல்லாமே கடலில் பிறந்து, குஞ்சாக உள்ளே வந்து, இந்த ஆழமற்ற நீரில் வளர்ந்து, பெரிதானதும் முகத்துவாரம் வழியாகவே திரும்புகின்றன. இந்தப் போக்குவரத்தில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது.

குஞ்சுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறந்து இரண்டு மூன்று நாளில் மஞ்சள்கரு தீர்ந்து, கண்ணும் வாயும் தயாரானதும், கொடுவாக் குஞ்சு இரையைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கிறது. பெரும்பாலான கடல்மீன் குஞ்சுகளின் விழித்திரையில் ஆரம்பத்தில் பகல் வெளிச்சத்துக்கான கூம்புச் செல்கள் மட்டுமே இருக்கும். மங்கலில் பார்க்க உதவும் கோல் செல்கள் பிறகுதான் வளரும். ஆகவே இருட்டில் அதற்குச் சாப்பாடு கிடையாது. பொரிப்பகத்திலும் இதைப் பார்க்கலாம். 1997இல் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவில் முதல்முறையாகக் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. கொடுவாப் பொரிப்பகங்களில் முதலில் ரோட்டிஃபர், பிறகு ஆர்ட்டீமியா என்று நுண்ணுயிர்களை இரையாகக் கொடுப்பார்கள். தொட்டியில் இரை நிறைந்திருந்தாலும் அது குஞ்சின் கண்ணில் பட வெளிச்சம் வேண்டும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை அளவு பார்த்துப் பிரித்தும் விட வேண்டும். இல்லாவிட்டால் பெரியது சிறியதை விழுங்கிவிடும். தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும் தம்பியைக்கூட விடாது.

வளர வெளிச்சம் தேவை என்றால் நகர்வதற்கும் ஒளிவதற்கும் இருட்டு தேவை. மீனின் உடல் இரண்டையும் கணக்கில் வைத்திருக்கிறது. அதன் மண்டை ஓட்டின் மேற்புறத்தில், மெல்லிய எலும்புக்கு அடியில், பீனியல் சுரப்பி இருக்கிறது. கண்ணின் உதவி இல்லாமலே இந்தச் சுரப்பி நேரடியாக ஒளியை உணரும். இருட்டியதும் மெலடோனின் என்ற ஹார்மோனை விடும், விடிந்ததும் நிறுத்தும். எப்போது மேலே வருவது, எப்போது கூட்டம் கலைவது, எப்போது நீரோட்டத்தோடு போவது என்பதையெல்லாம் நெறிப்படுத்துவதில் இந்தச் சுரப்புக்குப் பங்கு உண்டு.

இரவு வெளிச்சத்தின் விளைவு குறித்து அதிகம் ஆராயப்பட்டவற்றில் சால்மன் மீனின் குஞ்சுகளும் உண்டு. அவற்றின் பயணம் கொடுவாவுக்கு நேர் எதிர்: ஆற்றில் பிறந்து கடலுக்குப் போகும். பொரிந்த புதிதில் சால்மன் குஞ்சு வெளிச்சத்தைக் கண்டு விலகி, ஆற்றுக் கூழாங்கல்லுக்குள் புதைந்து கிடக்கும். மஞ்சள்கரு தீர்ந்ததும் மேலே வரும், அதுவும் இரவில். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஆய்வாளர்கள் இந்தக் குஞ்சுகள் மேல் சாதாரணத் தெருவிளக்கு அளவு ஒளியை இரவில் பாய்ச்சிப் பார்த்தார்கள். இருட்டில் இருந்த குஞ்சுகள் பொழுது சாய்ந்த சில மணி நேரத்தில் ஒழுங்காகக் கிளம்பின. விளக்கடியில் இருந்தவை தாமதமாகவும் நேரம் காலம் இல்லாமலும் கிளம்பின. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிடார் ஆற்றில் சாக்கை சால்மன் குஞ்சுகளை வைத்து நடந்த ஆய்வு, 2004இல் வெளியானது, எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வெளிச்சம் கூடக்கூடக் குஞ்சுகள் கீழ்நோக்கிப் போவதைத் தயங்கி நிறுத்தின. ஆற்றடியில் பதுங்கியிருந்த ஸ்கல்பின் மீன்களுக்கு அவை எளிதாக இரையாயின. குஞ்சுக்கு வழி காட்டாத விளக்கு வேட்டைக்காரனுக்குக் காட்டுகிறது.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். பௌர்ணமி நிலவு தரையில் தருவது அதிகபட்சம் 0.3 லக்ஸ். சுமாரான தெருவிளக்கின் அடியில் 10 லக்ஸ் இருக்கும். அதாவது முப்பது மடங்கு. நிலவை வைத்து நாள் குறிக்கும் உயிருக்கு இது சிறிய வித்தியாசமல்ல. மேலும் நிலவு தேய்ந்து வளரும். விளக்குக்கு அமாவாசை கிடையாது.

வெளிச்சம் குஞ்சுகளை இழுக்கும் என்பது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. கொச்சிப் பக்கத்துப் பொக்காளி வயல்களில் இரவு ஏற்றநீர் வரும்போது மதகின் மேல் விளக்கைத் தொங்கவிட்டு இறால் குஞ்சுகளை உள்ளே வரவழைப்பது பழைய வழக்கம். கடலிலும் இதே கதைதான். இரவில் மேலே வரும் நுண்ணுயிர்கள் விளக்கடியில் சேரும், அவற்றைத் தின்னச் சிறுமீன் வரும், சிறுமீனைத் தின்னப் பெருமீன் வரும். வலிமையான எல்.இ.டி. விளக்கு கட்டி அள்ளினால் குஞ்சும் சேர்ந்து போய்விடுகிறது. அதனால்தான் 2017 நவம்பரில் மத்திய அரசு நம் கடல் எல்லைக்குள் செயற்கை ஒளி வைத்து மீன்பிடிப்பதற்குத் தடை விதித்தது. பாரம்பரிய மீனவர்கள் இந்தத் தடையைக் கேட்டுப் போராடியவர்கள்.

ஆனால் அந்தத் தடை படகில் உள்ள விளக்குக்குத்தான். கரையில் உள்ள விளக்குக்கு இல்லை. எண்ணூரிலிருந்து வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று வரிசையாக இரவு முழுக்க விளக்கு எரிகிறது. வேலை நடக்கும் இடத்தில் வெளிச்சம் கட்டாயம் வேண்டும். கிரேன் ஓட்டுபவரின் உயிர் அதில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, ஏரியிலிருந்து தள்ளி இருப்பதால் அதன் விளக்கு நேரே தண்ணீரில் விழாது. மேகம் இறங்கிய இரவில் மட்டும் வானம் வெளுத்து அந்த ஒளி திரும்பக் கீழே வரும். என் கவலை முகத்துவாரத்துக்கும் ஆற்று வாய்க்கும் நேர் எதிரே நிற்கும் உயர்கோபுர விளக்குகளைப் பற்றியது. பழவேற்காட்டின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கலங்கல் நீர் ஒளியைத் தடுக்கும் என்று சொல்லலாம், ஆனால் இவ்வளவு குறைந்த ஆழத்தில் குஞ்சு ஒளிந்துகொள்ளக் கீழே இடம் ஏது?

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலையல்ல. விளக்குக்கு மேலும் பக்கவாட்டிலும் மூடி போட்டு ஒளியைத் தரையில் மட்டும் விழச் செய்யலாம். நீலம் மிகுந்த வெள்ளை ஒளிக்குப் பதில் மஞ்சள் ஒளி வைக்கலாம். ஆளில்லாத நேரத்தில் விளக்கைத் தானே மங்கச் செய்யும் சென்சார்கள் கடைகளிலேயே கிடைக்கின்றன. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும்போது புகை, சுடுநீர், சாம்பலோடு முகத்துவாரத்து நீரின் மேல் இரவில் எத்தனை லக்ஸ் விழுகிறது என்பதையும் அளந்து எழுத வேண்டும். எந்த நாளில் அளப்பது என்று பழவேற்காட்டில் பாடு முறையில், அதாவது இடத்தை முறை வைத்துப் பகிர்ந்துகொண்டு, வலை கட்டுகிறவர்களைக் கேட்டால் போதும். எந்தத் திதியில், எந்த நேரத்து ஏற்றத்தில் குஞ்சு உள்ளே வருகிறது என்று அவர்கள் சொல்வார்கள். மாதத்தில் அந்தச் சில இரவுகளில் மட்டுமாவது, வேலை நடக்காத கரையோர விளக்குகளை அணைத்து வைக்க முடியும்.