பழைய முகவரிக்கு வருபவர் என்ன ஆவார்?

சிற்றிதழ் ஒன்று தன் இணையதளத்தைப் புதுப்பித்தது. மறுநாளே ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்தார். 2011இல் அச்சான நூலின் அடிக்குறிப்பில் கண்ட லிங்கைத் தட்டியிருக்கிறார். "அந்தக் கட்டுரைய எடுத்துட்டீங்களா சார்?" எடுக்கவில்லை, வேறு முகவரியில் பத்திரமாக இருந்தது. தளத்தைக் கட்டிக்கொடுத்தவர், நாலாயிரம் பழைய முகவரிகளையும் மொத்தமாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டுப் போயிருந்தார். சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது.

முகப்புக்குத் திருப்புவதும் கதவைச் சாத்துவதும் ஒன்றுதான். கூகுளும் அத்தகைய முகவரிகளை 'பக்கம் இல்லை' என்றே பெரும்பாலும் கணக்கெடுக்கும். பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் புதிய முகவரி எழுதிய பட்டியல் வேண்டும். என்ஜின்எக்ஸ் சர்வரில் 'மேப்', அப்பாச்சியில் 'ரீரைட்மேப்' அந்தப் பட்டியலைப் படித்துக்கொள்ளும். ஆனால் ரீரைட்மேப்பை சர்வரின் முதன்மை அமைப்புக் கோப்பில்தான் அறிவிக்க முடியும். பலர் பங்கிடும் மலிவு ஹோஸ்டிங்கில் அந்தக் கோப்பு பொதுவாக நம் கைக்கு வராது. பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.

தமிழ் முகவரிகளில் தனித் தொல்லை ஒன்று உண்டு. 'க' என்ற ஓரெழுத்து, லிங்கை நகலெடுக்கும்போது விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது குறிகளாக நீளும். 'கொ' இன்னும் மோசம்: கொம்பும் காலும் ஒரே குறியாகவும் பதிவாகலாம், தனித்தனி இரண்டாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. சர்வருக்கு இரண்டும் வெவ்வேறு முகவரி. எங்கள் பட்டியல் வேலையில் பாதி நாள் இதிலேயே போனது. இரண்டு வடிவங்களையும் பட்டியலில் சேர்த்தோம்.

முதலில் 302 என்ற தற்காலிகத் திருப்பத்தில் சோதியுங்கள். 301 நிரந்தரம், பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்வதால், தவறாகக் கொடுத்துவிட்டால் திருத்திய பிறகும் வாசகர் பழைய தவறான இடத்துக்கே போகக்கூடும். ஓராண்டாவது திருப்பத்தை விட்டுவைக்கச் சொல்கிறது கூகுள். அச்சுநூலில் ஏறிய லிங்குக்கு ஓராண்டு எப்படிப் போதும்? தளம் உள்ளவரை இருக்கட்டும்.

பழைய டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால் சூதாட்டத் தளம் நடத்துபவர் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் பெயரை நம்பி வருபவர் அங்கே போய் விழுவார். போகவேண்டிய இடத்தை லிங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும் திருப்பமும் ஆபத்து. மோசடிக்காரர் உங்கள் முகவரியின் வாலில் தன் போலி வங்கிப் பக்கத்தை ஒட்டி அனுப்புவார். பட்டியலில் உள்ள இடங்களுக்கு மட்டுமே திருப்ப அனுமதியுங்கள். அப்படி எவராவது பணம் இழந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

டொமைன் உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும், வேலை செய்பவர் பெயரில் அல்ல. திருப்பப் பட்டியலை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கள். அதைச் சோதித்துப் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். அரசுத் தளத்தில் ஆணையோ படிவமோ காணாமல் போனால் வாசகருக்கும் பிடிமானம் உண்டு: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4, துறைகள் தாமாகவே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. அதைச் சுட்டி மனுப் போடலாம்.

அந்தச் சிற்றிதழின் பழைய முகவரிகளை சர்வர் பதிவேட்டிலிருந்தும், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்தோம். மூன்று வாரம் ஆனது. முடிந்த அன்று அந்த வாசகரை அழைத்து, அடிக்குறிப்பு லிங்கை மறுபடி தட்டச் சொன்னேன். கட்டுரை திறந்தது.