மணிக்கட்டைப் படிக்கும் காந்தம்

கால் இடறிக் கீழே விழும் மனிதன் தன்னையறியாமல் முதலில் நீட்டுவது கையைத்தான். அந்நொடியில் உடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டின்மேல் இறங்குகிறது. இரு வரிசைகளாக அமைந்த 8 சிறு எலும்புகளும், அவற்றைப் பிணைக்கும் மெல்லிய தசைநார்களும் அப்பாரத்தைத் தாங்குகின்றன. அவ்வெட்டனுள் பெரும்பாலும் முறிவது, வடிவத்தால் பெயர்பெற்ற படகெலும்பு. முறிந்த அன்று எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படத்தில் அம்முறிவு தென்படாமற் போவதும் உண்டு. இவ்வெலும்புக்குரிய குருதி, விரல் பக்கமுள்ள முனை வழியாக நுழைந்து முன்கை நோக்கிப் பின்முகமாகப் பாய்கிறது. எனவே, இடையில் முறிவு நேர்ந்தால் முன்கையை ஒட்டிய துண்டு குருதியின்றி மடிந்துபோகலாம். சுளுக்கு என்று கருதித் தைலம் தடவிக் கழிக்கும் வாரங்கள், இளம் வயதினர் ஒருவரின் கைத்திறனையே பறித்துவிடக்கூடும்.

எக்ஸ் கதிருக்குத் தப்பிய இம்முறிவை எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படம் காட்டிக்கொடுக்கும். உடலிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் நிறைந்திருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நுண்ணிய காந்தங்களைப் போன்றவை. வலிமையான காந்தப்புலத்தில் அவை புலத்தின் திசையிலும் எதிர்த்திசையிலுமாக அணிவகுக்கின்றன. தகுந்த அதிர்வெண் கொண்ட ரேடியோ அலையைச் செலுத்தி நிறுத்தினால், அவை மெல்லிய சைகையைத் திருப்பி அனுப்புகின்றன. புலத்தின் வலிமையை இடத்துக்கிடம் சிறிது மாற்றினால், சைகை எங்கிருந்து வருகிறது என்பதும் புலப்படும். இவ்வழியை 1973இல் வெளியிட்ட பால் லாட்டர்பரும், அதனை வளர்த்தெடுத்த பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

காந்தத்தின் வலிமை டெஸ்லா என்னும் அலகால் அளக்கப்படுகிறது. மருத்துவமனைகளில் பரவலாகக் காணப்படுபவை 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா கருவிகள். இவற்றுள் முன்னதே புவியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமை வாய்ந்தது. −269 பாகை செல்சியஸ் அளவுக்குத் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட மீக்கடத்திச் சுருள்களே இவ்வலிமையைத் தருகின்றன. இருந்தும் கிடைக்கும் பயன் வியப்பூட்டும் அளவுக்குச் சிறிது. இரு திசைகளிலும் நிற்கும் அணுக்கருக்களின் காந்தத்தன்மை ஒன்றையொன்று அழித்துவிட, 1.5 டெஸ்லாவில் எஞ்சுவது 10 இலட்சத்துக்கு 5 என்னும் அளவே. 3 டெஸ்லாவில் அது 10 ஆகிறது. படம் முழுவதும் இந்த எச்சத்திலிருந்துதான் பிறக்கிறது.

மணிக்கட்டில் இவ்விரட்டிப்பு ஏன் பெரிதாகப் பேசப்படுகிறது? அங்குள்ள குருத்தெலும்பின் தடிப்பு ஒரு மில்லிமீட்டர் அளவினது. அத்தகைய நுண்பகுதியைக் காண, படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் நீள அகல உயரங்களில் பாதியாக்கினால், அதனுள் அடங்கும் நீர் எட்டில் ஒன்றாகக் குறையும். சைகையும் அவ்வாறே குறையும். திரும்பத் திரும்ப அளந்து சராசரி காண்பதால் இக்குறையை ஈடுசெய்யலாம். ஆனால், தெளிவு இருமடங்காக வேண்டுமெனில் நேரம் நான்கு மடங்காக வேண்டும். எட்டு மடங்குக்கு 64 மடங்கு நேரம் தேவை. 5 நிமிடப் படம் 5 மணி நேரத்தையும் கடந்துவிடும்! அவ்வளவு நேரம் கையை அசைக்காமல் வைத்திருக்க எவராலும் இயலாது. காந்தத்தின் வலிமை இரட்டிக்கும்போது, அதே தெளிவைக் கொள்கையளவில் கால்பங்கு நேரத்தில் பெறலாம். நடைமுறையில் ஆதாயம் இதனினும் சற்றுக் குறைவு; வலிய புலத்தில் அணுக்கருக்கள் பழைய நிலைக்கு மீள அதிக நேரம் எடுத்துக்கொள்வதே காரணம்.

வலிமை கூடும்போது சில தொல்லைகளும் கூடுகின்றன. நீரும் கொழுப்பும் சற்றே வேறுபட்ட அதிர்வெண்களில் ஒலிப்பவை. 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 220 ஹெர்ட்ஸாக இருக்கும் அவ்வேறுபாடு, 3 டெஸ்லாவில் 440 ஆகிறது. அதனால் கொழுப்பு மிகுந்த எலும்பு மஜ்ஜையின் விளிம்பு படத்தில் இடம்பெயர்ந்து தோன்றலாம். முன்பு பொருத்திய திருகாணி மணிக்கட்டில் இருந்தால், அதைச் சுற்றியுள்ள படச்சிதைவும் பெருகும். ரேடியோ அலையால் உடலில் சேரும் வெப்பமோ நான்கு மடங்காக உயரக்கூடும். அது வரம்பு மீறாதபடி கருவியே கணக்கிட்டுக் கட்டுப்படுத்துகிறது.

காந்தத்தை மட்டும் நம்பிப் பயனில்லை என்பதற்கு மணிக்கட்டே சான்று. சைகையை வாங்கும் கம்பிச்சுருள் கையை நெருங்கிச் சூழ்ந்திருக்க வேண்டும். பெரிய சுருளோ உடலின் பிற பகுதிகளின் இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். புலம் சீராக இருப்பது குழாயின் நடுவில் ஆதலால், குப்புறப் படுத்துக் கையைத் தலைக்குமேல் நீட்டியிருக்கச் செய்வதுண்டு. தோள் வலித்துக் கை நடுங்கினால் 3 டெஸ்லா படமும் மங்கும். பொருத்தமான சுருளுடன் எடுத்த 1.5 டெஸ்லா படம் அதனினும் மேலானது.

ஆகவே, எந்தக் கருவி என்பதை முடிவுசெய்வது மருத்துவரின் ஐயமே. படகெலும்பு முறிவு என்றால், மஜ்ஜையில் பரவும் நீர்க்கோவையைக் காட்ட 1.5 டெஸ்லா போதும். சுண்டுவிரல் பக்கமுள்ள முக்கோணக் குருத்தெலும்புத் தட்டிலோ, படகெலும்பையும் பிறையெலும்பையும் பிணைக்கும் தசைநாரிலோ சிறு கிழிசல் இருக்குமோ என்று ஐயுற்றால் 3 டெஸ்லாவை நாடுவர். உள்ளே திருகாணி இருப்பவருக்கு மீண்டும் 1.5 டெஸ்லாவே பொருத்தமாகும்.