'செல்வின்': இங்கிலாந்தில் அரிதான பெயர், நெல்லை வழியாகத் தாராவிக்கு வந்த வரலாறு

மும்பை: இங்கிலாந்தில் இன்று மிக அரிதாகவே சூட்டப்படும் ஓர் ஆண்பெயர், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் ஊர்களில் வெகு இயல்பாக ஒலிக்கிறது. அங்கிருந்து மும்பைக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் வழியாகத் தாராவியின் சந்துகளிலும் அதனைக் கேட்கலாம். 'செல்வின்' என்பதே அப்பெயர்.

'செல்வம்', 'செல்வன்' ஆகிய சொற்களின் சாயலில் அமைந்திருப்பதால், இதனைத் தூய தமிழ்ப் பெயர் என்று கருதுவோர் பலர். ஆனால் இதன் பிறப்பிடம் இடைக்கால இங்கிலாந்து. ஒரு குடும்பப் பெயராக அறியப்பட்டு, பின்னர் முதற்பெயராக மாறி, கிறிஸ்தவ ஊழியத்தின் வழியே தென் தமிழகத்தை அடைந்த பெயர் இது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச் மாதம் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது முதல், பழைய ஆவணங்களில் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பது அங்குள்ள குடும்பங்களுக்கு முக்கியமான கேள்வியாகியுள்ளது. ஆங்கிலத்தில் பல விதமாக எழுதப்படும் இப்பெயரைக் கொண்டவர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியுள்ளது.

பெயரின் பொருள் என்ன?

இப்பெயரின் மூலம் குறித்து அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. இடைக்கால இங்கிலாந்தில் 'செலவின்' என்பதையொத்த ஓர் ஆண்பெயர் வழக்கில் இருந்தது. அது இரண்டு பழைய ஆங்கிலச் சொற்களின் சேர்க்கை என்பது முதன்மையான விளக்கம். பெயரின் இறுதியில் உள்ள 'வினே' என்னும் சொல்லுக்கு 'நண்பன்' என்று பொருள். முற்பகுதிக்கு 'வளம், நற்பேறு' என்றோ, 'மாளிகைக் கூடம்' என்றோ பொருள் கொள்ளப்படுகிறது. முதல் பொருளை ஏற்றால், 'வளத்தின் நண்பன்' என்பது இப்பெயரின் பொருளாகும்.

மற்றொரு விளக்கம் இலத்தீன் மொழியைச் சார்ந்தது. காடு என்னும் பொருளுடைய 'சில்வா' என்ற சொல்லிலிருந்து 'சில்வானுஸ்' என்ற பெயர் தோன்றியது. அதன் பழைய பிரெஞ்சு வடிவம் நார்மன் மக்களுடன் இங்கிலாந்துக்கு வந்து 'செல்வின்' ஆனது என்பது இக்கருத்து. வேல்ஸ் மொழியில் 'ஆர்வம்', 'வெண்மை' ஆகிய பொருளுடைய இரு சொற்களோடு இதனைத் தொடர்புபடுத்துவோரும் உள்ளனர்.

'நண்பன்' என்னும் பொருள் தரும் அதே ஈறு வேறு பல பெயர்களிலும் உள்ளது. எட்வின் என்றால் 'செல்வத்தின் நண்பன்'. பால்ட்வின் 'துணிவுள்ள நண்பன்'. டார்வின் 'அன்பான நண்பன்' என்னும் பொருளுடைய பழம்பெயரிலிருந்து வந்தது. காட்வின் என்பதில் 'கடவுள்' அல்லது 'நல்ல' என்னும் சொல் முன்னே நிற்கிறது. நெல்லைச் சீமையின் பள்ளி வருகைப் பதிவேடுகளில் இப்பெயர்களும் புதியவை அல்ல.

தமிழில் உள்ள 'செல்வம்' என்ற சொல்லுக்கும் ஆங்கிலப் பெயரின் முற்பகுதிக்கும் மொழியியல் உறவு ஏதும் இல்லை. ஒலியும், ஒரு விளக்கத்தின்படி பொருளும், தற்செயலாக ஒத்துப்போயின.

குடும்பப் பெயர் முதற்பெயரானது எப்படி?

இங்கிலாந்தில் நீண்ட காலம் 'செல்வின்' குடும்பப் பெயராகவே அறியப்பட்டது. அதற்குப் பெரும்புகழ் தேடித் தந்தவர் நியூசிலாந்தின் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் ஜார்ஜ் அகஸ்டஸ் செல்வின். 1809ஆம் ஆண்டு பிறந்த இவர், 1841ஆம் ஆண்டு பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். நியூசிலாந்துக்குச் செல்லும் கப்பல் பயணத்திலேயே மாவோரி மொழியைக் கற்று, அங்கு இறங்கியதும் அம்மொழியிலேயே அருளுரை நிகழ்த்தினார்.

அவரது நியமன ஆவணத்தில் நேர்ந்த எழுத்துப் பிழை ஒன்று திருச்சபை வரலாற்றில் புகழ்பெற்றது. மறைமாவட்டத்தின் வடக்கு எல்லையைத் தென் அட்சரேகையின் 34ஆம் பாகை என்று குறிப்பதற்குப் பதிலாக, வட அட்சரேகையின் 34ஆம் பாகை என்று எழுதிவிட்டனர். இதனால் நிலநடுக்கோட்டைக் கடந்து பசிபிக் பெருங்கடலின் பெரும்பகுதி அவரது ஆளுகைக்குள் வந்தது. அதனைப் பிழை என்று ஒதுக்காமல், தமக்கு அளிக்கப்பட்ட பொறுப்பாகவே அவர் ஏற்றார். மெலனேசியத் தீவுகளில் நடைபெற்ற ஊழியத்துக்கு அதுவே தொடக்கமாயிற்று.

1868ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு பேராயராகப் பொறுப்பேற்ற செல்வின், 1878ஆம் ஆண்டு காலமானார். அவரது நினைவாக 1882ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் செல்வின் கல்லூரி நிறுவப்பட்டது. பெரியோரின் குடும்பப் பெயரைக் குழந்தைகளுக்கு முதற்பெயராகச் சூட்டும் வழக்கம் விக்டோரியா காலத்தில் பரவியிருந்தது. அவ்வகையில் 'செல்வின்' முதற்பெயராயிற்று. 1955 முதல் 1960 வரை பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த செல்வின் லாயிட் அப்பெயரைத் தாங்கியவர்களில் பரவலாக அறியப்பட்டவர். எனினும் இங்கிலாந்தில் அது பெருவழக்கான பெயராக ஒருபோதும் மாறவில்லை. வேல்ஸ் பகுதியிலும் கரீபியத் தீவுகளிலும் ஓரளவு செல்வாக்குப் பெற்றது.

நெல்லைக்கு வந்த வழி

ஜார்ஜ் அகஸ்டஸ் செல்வின் பேராயரான அதே 1841ஆம் ஆண்டில்தான் ராபர்ட் கால்டுவெல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் தமது பணியைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1820ஆம் ஆண்டு முதல், ரேனியஸ் பாளையங்கோட்டையில் பணியாற்றி வந்தார். பள்ளிகளும் ஆலயங்களும் பெருகிய இப்பகுதியில் விவிலியப் பெயர்களோடு ஆங்கிலப் பெயர்களும் பரவின.

இங்கே ஒரு பண்பாட்டு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயருக்குக் குடும்பப் பெயர் உண்டு. தமிழருக்குப் பெரும்பாலும் இல்லை. தமிழரின் பெயருக்கு முன் தந்தையின் பெயரோ ஊரின் பெயரோ தலைப்பெழுத்தாக நிற்கும். ஊழியர்களை மக்கள் 'கால்டுவெல் ஐயர்', 'போப் ஐயர்' என்று குடும்பப் பெயராலேயே அழைத்தனர். மக்களின் செவியில் அதுவே அவர்களின் பெயர். ஆகவே நன்றியுணர்வோடு குழந்தைக்குப் பெயர் சூட்டியபோது, ராபர்ட்டைப் போலவே கால்டுவெல்லும் முதற்பெயராயிற்று.

1945ஆம் ஆண்டு திருநெல்வேலி மறைமாவட்டத்தின் பேராயராகப் பொறுப்பேற்றவரின் பெயர் ஜார்ஜ் தியோடோர் செல்வின். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அப்பகுதியின் பேராயராக இருந்தவரும் அவரே. இரண்டு பேராயர்களின் குடும்பப் பெயராக விளங்கிய 'செல்வின்', நெல்லைக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இவ்வாறு நன்கு அறிமுகமான பெயராயிற்று.

அயல்நாட்டவரின் பெயர் தமிழரின் முதற்பெயராவது சமயத்தின் எல்லைக்குள் மட்டும் நிகழ்ந்ததன்று. சோவியத் தலைவர் ஸ்டாலின் 1953 மார்ச் மாதம் மறைந்தபோது, அம்மாதம் பிறந்த தம் மகனுக்கு மு.கருணாநிதி அப்பெயரைச் சூட்டியதை நாடறியும். நெல்சன், எடிசன், லிவிங்ஸ்டன் ஆகியவையும் குடும்பப் பெயர்களாக இருந்து தமிழகத்தில் முதற்பெயர்களானவையே.

தமிழ் ஒலிக்குப் பொருந்திய பெயர்

அயல்மொழிப் பெயர்கள் தமிழில் வழங்கும்போது பெரும்பாலும் உருமாறும். 'ஜான்' என்பதை 'யோவான்' என்றும், 'ஜேக்கப்' என்பதை 'யாக்கோபு' என்றும் விவிலியத் தமிழ் ஏற்றது இதற்குச் சான்று. 'செல்வின்' அத்தகைய மாற்றம் எதையும் வேண்டவில்லை. 'ல்வ்' என்னும் மெய்ம்மயக்கம் 'கல்வி', 'செல்வி' போன்ற சொற்களில் தமிழுக்கு இயல்பானது. சொல்லின் முதலில் 'செ' வருவதும், இறுதியில் 'ன்' வருவதும் தமிழ் மரபுக்கு ஏற்றவையே.

எனவே பாட்டி, தாத்தாவும் எளிதில் உச்சரிக்க முடிந்தது. 'ராஜ்', 'துரை', 'குமார்' போன்ற பின்னொட்டுகளோடு இணைந்து புதிய பெயர்களும் தோன்றின. வீட்டில் 'செல்வா' என்று சுருக்கி அழைக்கவும் இடம் தந்தது.

தாராவியில் மீண்டும் குடும்பப் பெயர்

சுமார் 600 ஏக்கர் பரப்புள்ள தாராவியில் தமிழர் குடியேற்றம் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் அவர்களில் முக்கியமானவர்கள். பின்னர் ஊர்க்காரர் ஒருவரைப் பின்பற்றி மற்றொருவர் வந்து சேர, கோயில், மசூதி, தேவாலயம் என மூன்றையும் சுற்றித் தமிழ்க் குடியிருப்புகள் வளர்ந்தன. மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளிலும் தமிழர் வாழ்கின்றனர்.

மகாராஷ்டிராவின் படிவங்களில் முதற்பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்னும் வரிசை வழக்கமானது. குடும்பப் பெயர் இல்லாத தமிழர், அந்தக் கட்டத்தில் தந்தையின் பெயரையோ பாட்டனாரின் பெயரையோ நிரப்புகின்றனர். செல்வின் என்பவரின் மகனுக்கு, ஆவணத்தில் 'செல்வின்' குடும்பப் பெயராகிவிடுகிறது. இங்கிலாந்தில் குடும்பப் பெயராக இருந்து, நெல்லையில் முதற்பெயராகிய சொல், மும்பையில் மீண்டும் குடும்பப் பெயராகிறது.

2024 மே 1 அன்றும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்களின் அரசு ஆவணங்களில், குழந்தையின் பெயருக்கு அடுத்துத் தாயின் பெயரையும் சேர்க்க மகாராஷ்டிர அரசு முடிவெடுத்துள்ளது. ஆகவே முதற்பெயர், தாயின் பெயர், தந்தையின் பெயர், குடும்பப் பெயர் என்பது புதிய வரிசையாகும்.

ஒரே பெயர், பல எழுத்துகள்

இங்கிலாந்தில் இப்பெயரின் நடுவே 'டபிள்யூ', 'ஒய்' ஆகிய எழுத்துகள் வரும். தமிழர் பலர் ஒலியைப் பின்பற்றி 'வி', 'ஐ' ஆகியவற்றை இட்டு எழுதுகின்றனர். இரண்டையும் கலந்து எழுதுவோரும் உண்டு. தமிழிலும் மராத்தியிலும் இவ்விரு ஒலிகளுக்கும் ஒரே வகர எழுத்துதான். மராத்தியில் எழுதப்பட்ட பெயரை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றும்போது, முதலில் இருந்த எழுத்துகள் திரும்ப வரும் என்பதற்கு உறுதியில்லை.

இதனால் ஒருவரின் பள்ளி 'லீவிங் சர்டிபிகேட்' ஒரு விதமாகவும், ரேஷன் கார்டு மற்றொரு விதமாகவும், ஆதார் வேறொரு விதமாகவும் அமைய வாய்ப்புள்ளது. அன்றாட வாழ்வில் இது பெரிதாகத் தோன்றாது. வீட்டு உரிமைக்கான தகுதியை நிறுவும்போதுதான் அதன் கனம் தெரியும்.

தாராவித் திட்டத்தில் 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளக் குடியிருப்பில் வசிப்போருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசமாக வழங்கப்படும். அத்தேதிக்கும் 2011 ஜனவரி 1ஆம் தேதிக்கும் இடைப்பட்ட காலத்தில் குடியேறியோருக்குத் தாராவிக்கு வெளியே 2.5 லட்சம் ரூபாய்க்கு வீடு ஒதுக்கப்படும். எந்தப் பிரிவில் ஒருவர் இடம்பெறுவார் என்பதை வாக்காளர் பட்டியல் உள்ளிட்ட பழைய ஆவணங்களே காட்டும். 25 ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் இருப்பவரும், இன்றைய ஆதாரில் இருப்பவரும் ஒருவரே என்று நிறுவ வேண்டிய பொறுப்பு குடும்பத்தைச் சேர்கிறது.

கவனிக்க வேண்டியவை

பெயரில் வேறுபாடு இருந்தால், இரு வடிவங்களும் ஒரே நபரையே குறிக்கின்றன என்று பிரமாணப் பத்திரம் தயாரிப்பது வழக்கம். பெயரை முறைப்படி மாற்ற விரும்புவோர் மகாராஷ்டிர அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே வாய்ப்பு உண்டு. ஆகவே எந்த வடிவத்தை நிலையாக வைத்துக்கொள்வது என்பதை முடிவு செய்த பிறகே விண்ணப்பிப்பது நல்லது. பெரும்பாலான ஆவணங்களில், குறிப்பாகப் பழைய ஆவணங்களில், எந்த வடிவம் உள்ளதோ அதனைத் தேர்ந்தெடுப்பது எளிய வழியாகும்.

புதிதாகப் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே அடித்தளம். 2023 அக்டோபர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அன்று முதல் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார் உள்ளிட்டவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்றாகும். பிறப்பைப் பதிவு செய்தபோது பெயர் சேர்க்கப்படாவிட்டால், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பின்னர் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்க இயலும்.

பாட்டனாரின் பெயரைப் பேரனுக்குச் சூட்டும் வழக்கம் தமிழரிடையே இன்றும் தொடர்கிறது. அவ்வாறு 'செல்வின்' என்று பெயரிட விரும்பும் குடும்பத்தினர், பாட்டனாரின் பழைய ஆவணத்தில் அப்பெயர் ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதைப் பார்த்து, அதே எழுத்துகளில் பதிவு செய்தால், அடுத்த தலைமுறைக்கு ஒரு பிரமாணப் பத்திரம் மிச்சமாகும்.